அட்டைக்காரர்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மில் லாக்ஸ் ஏரியில், கோடைதோறும் தவறாமல் தென்படுபவர் அட்டைக்காரர். அட்டை போன்ற உயிர் இரை வைத்து வால்ஐ மீனைப் பிடிப்பதே தம் தொழில் என்பார். அவர் உண்மையில் கைதேர்ந்தது, அந்த மீன் ஏன் சிக்கவில்லை என்று விளக்கும் கலையில். அதைப் பயில மில் லாக்ஸ் நல்ல களம். பரப்பு சுமார் 1,32,000 ஏக்கர். ஆழமோ அதிகபட்சம் 42 அடி. காற்றுக்கு உடனே அலை எழும். பழி போட ஆள் தயார்.

பருவம் மே மாத நடுவில் ஒரு சனிக்கிழமை தொடங்கும். அன்று மாநில ஆளுநரும் தூண்டில் போடுவது 1948 முதல் வழக்கம். ஆளுநர் வெறுங்கையோடு திரும்பிய ஆண்டுகள் அட்டைக்காரருக்கு மனப்பாடம்.

வால்ஐ 1965 முதல் மாநில மீன். அதன் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று உண்டு. மங்கிய ஒளியிலும் பார்வை துல்லியம். அதனால் விடியலிலும் அந்தியிலும் இரவிலும்தான் மும்முரமாக இரை தேடும். உச்சிவெயிலில் சிக்காததற்கு இது முதல் காரணம். உச்சிவெயிலில் அவருக்கு ஏரியில் என்ன வேலை என்று கேட்பது பண்பாகாது.

இரைகள் மூன்று: பொடிமீன், பெரிய மண்புழு, அட்டை. தண்ணீர் சூடேறியதும் பின்னிரண்டுக்கும் கிராக்கி. இந்த அட்டை மனித இரத்தம் குடிக்கும் வகையல்ல. குளிர்ந்த நீரில் வைத்தால் நெடுநாள் உயிரோடிருக்கும். ஆகவே வீட்டு ஃபிரிட்ஜில், பாலுக்கும் வெண்ணெய்க்கும் நடுவே, ஒரு டப்பாவில் குடியிருக்கும். அதற்குத் தண்ணீர் மாற்ற ஒருநாளும் தவறமாட்டார். வாசலில் வாடும் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றத்தான் மறந்துபோகும்.

முறையில் இரு கட்சிகள். தக்கைக் கட்சியினர் அட்டையின் பெரிய ஒட்டுறிஞ்சியில் முள்ளைக் குத்தி, தரைக்கு ஓரடி மேலே தொங்கவிட்டுக் காத்திருப்பர். லிண்டி கட்சியினர் லிண்ட்னர் சகோதரர்கள் பரப்பிய முறைப்படி, தூண்டில் நரம்பில் வழுக்கிச் செல்லும் ஈயக்குண்டைக் கட்டி, படகை ஊரவிட்டு இரையைத் தரையோரம் இழுப்பர். மீன் கவ்வினால் நரம்பு குண்டின் வழியே தடையின்றி ஓடும். எடை தெரியாததால் மீனுக்குச் சந்தேகம் வராது. உடனே சுண்டினால் இரை வாயிலிருந்து நழுவும். தாமதித்தால் மீன் துப்பிவிடும். சரியான நொடி எது என்பதை, மீன் போன பிறகு, அட்டைக்காரர் துல்லியமாகச் சொல்வார்.

ஜூனில் புதுக் காரணம் பிறக்கும். சேற்றில் வளர்ந்த மேஃப்ளைப் பூச்சியின் இளம்புழுக்கள் கூட்டங்கூட்டமாக மேலெழும். வால்ஐ அவற்றை வயிறு முட்டத் தின்னும். இலவச விருந்து நடக்கும்போது காசு கொடுத்து வாங்கிய அட்டையை யார் சீந்துவார்? பூச்சி ஓய்ந்ததும் கிழக்குக் காற்று பொறுப்பேற்கும். அதுவும் அடங்கினால் அலையே இல்லை, தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கிறது, மீன் படகைப் பார்த்துவிடுகிறது என்பார்.

சட்டமும் ஒருமுறை கைகொடுத்தது. வால்ஐ குறைந்துபோனதால், 2015 ஆகஸ்டில் அந்த ஏரியில் அதைப் பிடிப்பதை அரசு பாதியிலேயே நிறுத்தியது. 2016இல் பிடித்ததை நீரிலேயே விட்டுவிட வேண்டும் என்றது. வெறுங்கை முதன்முறையாகச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரின் அடையாளமானது. ஆனால் அதே ஆண்டு வால்ஐக்கு உயிர் இரை வைக்கவும் தடை வந்தது. மீனில்லாமல் வீடு திரும்பிப் பழகியவர், அட்டையில்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பப் பழகவில்லை.

கோடை நாளின் கடைசிக் கட்டம் ஏரிக்கரை உணவகத்தில் நடக்கும். அட்டைக்காரர் பொரித்த வால்ஐ கேட்பார்; காற்று, பூச்சி, அலை எல்லாவற்றையும் பரிமாறுபவருக்கு விளக்கியபடியே தின்று முடிப்பார். மினசோட்டா உணவகங்களில் விற்கும் வால்ஐ பெரும்பாலும் கனடாவிலிருந்து வருவது. அதைப் பிடித்தவர் வலை போட்டவர். அட்டைக்குத் தண்ணீர் மாற்றி அறியாதவர்.