சுங்கானும் சுடுதுளையும்: ஒரு முன்னோடி ஆய்வு

இங்கிலாந்துக் கடற்கரையில் விடுமுறைக்கு வந்த ஒருவர் சுங்கானைப் பற்றவைக்க முயல்கிறார். காற்று தீக்குச்சியை அணைக்கிறது. அவர் பக்கத்திலிருக்கும் போர்க்காலக் கான்கிரீட் காவலறைக்குள் (பில்பாக்ஸ்) நுழைந்து பற்றவைக்கிறார். பாமரர் இதை இவ்வளவில் விட்டுவிடுவர். ஆய்வாளர் விடலாகாது. அவர் வாங்கும் சம்பளம் அதற்கு இடங்கொடாது.

முதலில், ஆய்வு இடைவெளி. ஜெர்மனி படையெடுக்கும் என்று அஞ்சி 1940-இல் பிரிட்டன் கட்டத் தொடங்கிய பில்பாக்ஸ் முதலான அரண்கள் சுமார் 28,000. இவை போன்ற பாதுகாப்பு அமைப்புகளையெல்லாம் தேடிப் பதிய 1995 முதல் 2002 வரை ஒரு பெருந்திட்டம் நடந்தது. தன்னார்வலர்கள் முட்புதரெல்லாம் புகுந்து ஏறத்தாழ 20,000 இடங்களைக் குறித்தார்கள். சுவரின் கனத்தை அளந்தார்கள், துளைகளை எண்ணினார்கள். ஆனால் எந்த அறையில் எத்தனையாவது குச்சியில் சுங்கான் பற்றும் என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை. அறுபது ஆண்டு அறிவுலகத்தின் மௌனம் இது. இடைவெளி இல்லாத இடத்திலும் இடைவெளி காண்பது நம் துறையின் வழக்கம். இங்கோ உண்மையாகவே இருக்கிறது. கூச்சமாகத்தான் இருக்கிறது.

இனிச் சுங்கான் வகை. களிமண் சுங்கான்: உடையும். வெண்கல் சுங்கான், துருக்கியின் எஸ்கிஷெஹிர் சுரங்கத்தது: இதைக் கடற்கரைக்குக் கொண்டுவருபவர் வசதியானவர், அவரை ஆராய நிதி ஒதுக்கப்படவில்லை. பிரையர் சுங்கான்: மத்தியதரைக் கடலோரப் புதரொன்றின் வேர்முண்டைக் குடைந்து செய்வது. சூடு தாங்கும், உப்புக்காற்று தாங்கும், ஆய்வாளரையும் தாங்கும். இக்கட்டுரையில் சுங்கான் என்றால் இதுவே.

காற்று இருவகை: வீசுவது, இனி வீசப்போவது (கடற்காகம், நேர்முகம், முகத்துக்கு மிக அருகில்).

அறை வகைக்கு வருவோம். வாசகர் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

போர் அலுவலகத்தின் அரண் கட்டும் பிரிவு வரைபடங்களுக்கு எண் கொடுத்திருந்தது. 22 என்பது சம அறுகோணம். 24 என்பது பின்சுவர் நீண்ட அறுகோணம். 26 சதுரம். அறுகோணத்தில் ஒரு பக்கம் வாசல். மற்றப் பக்கங்களில் துப்பாக்கி நீட்டச் சுடுதுளைகள். எதிரி எத்திசையில் வந்தாலும் சுட வசதி என்று பொறியாளர்கள் மகிழ்ந்தார்கள். எத்திசையில் சுடலாமோ அத்திசையிலெல்லாம் காற்று வரலாம் என்பதை அவர்கள் கருதவே இல்லை. வெளியே ஒரு காற்றில் அணையும் குச்சி, உள்ளே ஐந்து காற்றில் அணைகிறது. இதனை ‘முதற்கட்ட அவநம்பிக்கை’ என்று பெயரிடுகிறோம். பெயரிட்டால் பாதி ஆய்வு முடிந்தது.

ஆனால் பல அறைகளின் நடுவே ஒரு தடுப்புச்சுவர் நிற்கிறது. உள்ளே புகுந்த குண்டு சுவர்களில் பட்டுத் தெறித்து எல்லாரையும் தாக்காதிருக்க எழுப்பியது என்பார் ஒரு சாரார். அது பொருந்தாது. அறைக்குள் ஒரு குண்டாவது தெறித்ததா? 1940 செப்டம்பர் 17-இல் ஹிட்லர் படையெடுப்பைக் காலவரையின்றித் தள்ளிவைத்தார். எதிரிப்படை அந்தக் கரையில் இறங்கவே இல்லை. குண்டைத் தடுத்ததற்குச் சான்றில்லாத சுவர், காற்றைத் தடுப்பதை எவரும் இன்றும் காணலாம். ஆகவே சுவரின் மெய்ப்பயன் தீக்குச்சி காத்தலே என்பது எம் துணிபு. இதற்கு வலுவான சான்று (வாளியுடன் வந்த சிறுவன், மணற்சுவடி, இரண்டாம் பதிப்பு, அலையால் அழிந்தது). எதிர்க்கருத்தும் உண்டு (மேற்படியாரின் தங்கை, மேற்படி சுவடிக்கு மறுப்புரை, காலால் எழுதியது, முழுமையும்). இவ்விருவரும் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டிக்கொண்டே பெரியவர்களானால் இரண்டு பேராசிரியர்கள் கிடைப்பார்கள்.

கவிழ்ந்த அறைகள் தனி வகை. எசெக்ஸின் வால்டன்-ஆன்-த-நேஸில் கடல் மேட்டை அரித்ததால் ஒரு பில்பாக்ஸ் மணலில் வந்து கிடக்கிறது. புகைப்பவர் தாமும் சாய்ந்துகொள்க.

நாற்றம் பற்றிச் சொல்லாமல் தீராது. காவலுக்கு ஆளில்லாத அறை எந்த நாட்டிலும் எதற்குப் பயன்படுமோ அதற்கே இங்கும் பயன்பட்டிருக்கிறது. விறகுப் புகையில் பதப்படுத்திய லட்டாக்கியா புகையிலை ஒன்றே அதை எதிர்த்து நிற்கும். அதே புகையிலையோடு விடுதிக்குத் திரும்பினால் வேறு எதிர்ப்பு வரும் (விடுதி அம்மையார், கையெழுத்து அறிவிப்பு, முதல் மாடி, குளியலறைக் கதவின் உட்புறம், ஒருமூலை டேப் பிரிந்த பதிப்பு, சிவப்பு மையால் பின்னர் சேர்த்த இடைச்செருகலுடன்).

வரலாற்றுச் சான்றாக ஒரு பெருமகனைக் காட்டுவோம். பிரிட்டனின் முன்னாள் பிரதமர் ஹெரால்டு வில்சன் சுங்கானோடே அறியப்பட்டவர். 1965-இல் அந்த ஆண்டின் சிறந்த சுங்கான் புகைப்பாளர் என்ற பட்டமும் பெற்றார். விடுமுறைக்குப் போனது சில்லித் தீவுகளின் செயின்ட் மேரீஸுக்கு. அங்கே 1593-இல் எழுந்த நட்சத்திரக் கோட்டையைச் சுற்றிப் பழைய மதில்கள். அம்மதில்களிலேயே இரண்டாம் உலகப்போர்க் காலத்து பில்பாக்ஸ்களும் செருகப்பட்டிருக்கின்றன. சுங்கான், கடல், அரண் மூன்றும் ஒரே தீவில். வில்சன் அவ்வறைகளில் பற்றவைத்ததற்கு ஆதாரம் இல்லை. பற்றவைக்கவில்லை என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஆகவே பற்றவைத்தார் என்று கொள்வதே ஆய்வு மரபு. தனிமையில் அவர் சுருட்டையே விரும்பினார் என்ற செய்தி எம் முடிபுக்கு ஒத்துவராததால் பின்னிணைப்புக்கு அனுப்பப்பட்டது. பின்னிணைப்பு அச்சாகாது.

ஆய்வாளருக்குப் புகைக்கும் பழக்கம் உண்டா என்று புறத்தேர்வாளர் கேட்டார். இல்லை. பழக்கம் உடம்புக்குக் கேடு, ஆய்வுக்கும் கேடு. தாம் செய்தறியாத ஒன்றைப் பற்றி எழுநூறு பக்கம் எழுதியவர்களே துறைத்தலைவர்களாக இருக்கிறார்கள் என்று பணிவுடன் நினைவூட்டினோம். அவர் அடுத்த கேள்விக்குப் போனார்.

கடைசியாக ஒரு மறுப்பு. புகையிலைக் கடைக்காரர் ஒருவர், சுங்கான் வாயில் மாட்டும் ஓட்டைபோட்ட தகர மூடி சல்லிசாகக் கிடைக்குமே, அதைப் போட்டால் காற்றிலும் கங்கு அணையாதே, இதற்கு ஏன் கோட்டைக்குள் போகவேண்டும் என்றார். அவர் கருத்து எந்த ஆய்விதழிலும் வெளிவரவில்லை. அடிக்குறிப்பும் இல்லை. கல்லாவுக்குப் பின்னாலிருந்து சொல்லப்பட்டது. ஏற்பதற்கில்லை.