செப்டெம்பர் அண்ணை

லேபர் டே முடிந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் ஸ்காபுரோவின் சில வீடுகளில் தகப்பன்மார் காணாமற்போவார்கள். பொலிசுக்கு அறிவிக்கத் தேவையில்லை. விடியற்புறம் ஐந்தரைக்கு பிளவ்பர்ஸ் பார்க் கரைக்குப் போனால், கையில் தூண்டில் தடியோடும் காலடியில் ரிம் ஹோர்ட்டன்ஸ் டபுள் டபுள் கோப்பியோடும் ஒன்ராறியோ ஏரியைப் பார்த்தபடி நிற்பார்கள். அவர்களில் மூத்தவரைத்தான் நாங்கள் செப்டெம்பர் அண்ணை என்கிறோம்.

மற்ற மாதங்களில் அண்ணை சாதாரண மனிதர். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, பிள்ளைகளை ரியூசனுக்கு ஏற்றியிறக்கல், கோயில் அன்னதானத்தில் சாம்பார் வாளி. வீட்டில் அவர் சொல்லி எதுவும் நடப்பதில்லை. ரீவி ரிமோட்கூட அவர் கைக்கு வருவது பற்றரி மாற்றுவதற்காகத்தான். செப்டெம்பர் பிறந்ததும் ஆள் மாறிவிடுகிறார். நடையில் ஒரு நிதானம், பேச்சில் ஒரு தீர்மானம். வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

முதல் அறிகுறி பிரிட்ஜில் தெரியும். தயிர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு வெள்ளைப் பெட்டி வரும். திறந்தால் கறுத்த மண்ணும், அதற்குள் நெளிகிற மண்புழுவும். அதற்குக் கீழ்த்தட்டில் ஒரு கண்ணாடிப் போத்தல். போன வருடம் பிடித்த மீனின் முட்டைகளை போராக்ஸ் தூவிப் பதப்படுத்தி, ஆழ்குளிரில் காப்பாற்றி வைத்திருந்தவை. செக்கச் சிவந்து, உதிர்த்த மாதுளை முத்துப்போல் மினுங்கும். ஊரிலிருந்து வந்திருந்த மாமி ஒருநாள் அதை ஒரு கிண்ணத்தில் இட்டுச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரமும் காட்டிவிட்டார். உண்மை தெரிந்தபோது மாமி தலையில் தண்ணி வார்த்தார். அண்ணை முட்டைகளை எண்ணிப்பார்த்தார்.

கரையில் அண்ணையின் சடங்குகள் வேறு. இருட்டில் எறிவதற்கென்று ஒளிரும் பூச்சுப் பூசிய ஸ்பூன் இருக்கிறது. வெளிச்சம் காட்டினால் கொஞ்ச நேரம் பச்சையாய் மினுங்கும் தகட்டுத் தூண்டில். அண்ணை அதைக் கைக்குள் பொத்திப் பிடித்து, செல்போன் விளக்கை அதன்மேல் அமத்தி, உதட்டுக்குள் எண்ணுவார். எண்ணி முடியுமட்டும் அவரோடு பேசக் கூடாது. பிறகு தடியைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரே வீச்சு. பச்சைப் பொட்டு இருட்டில் வளைந்து போய் எங்கேயோ ‘ப்ளக்’ என்று விழும். அந்தச் சத்தத்தை வைத்தே, “நல்ல இடத்திலை விழுந்திருக்கு” என்பார். கெட்ட இடத்தில் விழுந்ததாக அவர் சொல்லி எவரும் கேட்டதில்லை.

மீன் கொத்தாவிட்டால்தான் அண்ணையின் அறிவு முழுதாக வெளிப்படும். ஊரில் அவர் கடலுக்குப் போனவர் அல்ல. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியவர். ஆனால் காற்றுக்கெல்லாம் கடற்றொழிலாளர் வைத்த பேரைத்தான் சொல்வார்.

“தம்பி, இண்டைக்குச் சோளகம். ஒண்டும் வராது. வாடை அடிக்கவேணும்.”

“ஏன் அண்ணை?”

“மேல் தண்ணி சூடு. வாடை அடிச்சால் அதை நடு ஏரிக்குத் தள்ளிப்போடும். அடியிலை கிடக்கிற குளிர் தண்ணி கரைக்கு ஏறும். அதோடை மீனும் வரும். விளங்குதோ?”

இதில் கஷ்டம் என்னவென்றால், அண்ணை சொல்வது உண்மை. ஒன்ராறியோ ஏரி ஆகக்கூடிய இடத்தில் 244 மீற்றர் ஆழம். கோடை முழுக்கச் சினூக் சால்மன் அந்தக் குளிரைத் தேடி உள்ளே போய்விடும். இரவுகள் குளிரத் தொடங்க, முட்டையிடும் நினைப்பும் வர, ஆற்றுவாய்களைத் தேடிக் கரைக்கு வரும். வடக்குக் காற்று அடித்தால் வடகரையில் குளிர்நீர் மேலெழும்பும். எல்லாம் சரி. ஆனால் வாடை அடிக்கிற நாளிலும் கொத்தாவிட்டால், “வாடை கூடிப்போச்சு” என்பார். அண்ணையின் விஞ்ஞானத்தில் பிழைவிடுவது எப்போதும் காற்றுத்தான்.

சட்டம் அண்ணைக்கு மனப்பாடம். ஒன்ராறியோவில் 18 முதல் 64 வயது வரையுள்ளவர்களுக்கு மீன்பிடி அனுமதிப்பத்திரம் வேண்டும். அதில் இரண்டு வகை. விலை குறைந்ததை வாங்கினால் வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய மீனும் குறையும். அண்ணை விலை கூடியதைத்தான் வாங்குவார். பத்திரம் விட்டாலும் மீன் விடுவதில்லை என்பது வேறு கதை. 65 வயதான ஒன்ராறியோவாசிக்குப் பத்திரம் தேவையில்லை, அடையாள அட்டை போதும். கலியாண வீடுகளில் தலைக்கு மை பூசிக்கொண்டு தன்னை ஐம்பதுக்குள் நிறுத்தப் பார்க்கும் அண்ணை, கரையில் மட்டும் 65 ஆகும் நாளை ஏக்கத்தோடு எதிர்பார்த்திருக்கிறார்.

வாயில் கொளுவாமல் முதுகிலோ வாலிலோ கொளுவிய மீனை உடனே தண்ணீரில் விடவேண்டும் என்பது இன்னொரு விதி. அண்ணை விடுவார். நேர்மையான மனிதர். ஆனால் விட்ட மீன் அன்றிரவுக்குள் இரண்டு இறாத்தல் ஏறும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது இன்னும் மூன்று. நவராத்திரி வந்தால் அதைத் தனி ஆளாய்த் தூக்க முடியாது.

எப்போதாவது கொத்தவும் செய்யும். ரீல் ‘கிர்ர்ர்’ என்று அலறும். “மீன்! மீன்! லைனை எடுங்கோ!” என்று அண்ணை தமிழிலேயே கத்துவார். பக்கத்தில் நிற்கும் சீனத் தாத்தாவுக்கும் போலந்துக்காரருக்கும் அது உடனே விளங்கும். எல்லோரும் தங்கள் நூலைச் சுருட்டி வழிவிடுவார்கள். மீன் வலப்பக்கம் ஓடும், அண்ணையும் ஓடுவார். இடப்பக்கம் திரும்பும், அண்ணை தன் காலடிக் கோப்பியைத் தட்டிவிட்டுக்கொண்டு திரும்புவார். யாரோ ஒருவர் வலை நீட்ட, ஈற்றில் கரையேறும்: ஆண் சினூக், கிட்டத்தட்ட 20 இறாத்தல், கறுத்துப் பழுப்பேறிய முதுகு, கொக்கியாய் வளைந்த தாடை. படம் எடுக்கும்போது மீனை நெஞ்சோடு பிடிக்கமாட்டார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கமராவின் மூக்கில் இடிக்குமளவுக்குக் கொண்டுபோய்ப் பிடிப்பார். படத்தில் மீன் முழுதாய் இருக்கும். பின்னால் தூரத்தில் ஒரு சின்ன அண்ணை தெரிவார்.

இனித்தான் பிரச்சினை. இந்த மீனை அண்ணை தின்னமாட்டார்.

விளைமீனும் பாரையும் ஓராவும் தின்று வளர்ந்த நாக்கு அது. “நல்ல தண்ணி மீன் மண் மணக்கும்” என்பது அவருடைய அசைக்கமுடியாத கொள்கை. முட்டையிட வரும் சினூக் இரை எடுப்பதை நிறுத்திவிடும். உடம்புக் கொழுப்பைத் தின்றே ஆறு ஏறும். தசை வெளிறி, சப்பென்றாகும். ஆகவே கொள்கையிலும் நியாயமுண்டு. கரையிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் தமிழ்க்கடையில் காரை நிறுத்தி, ஐஸில் உறைந்த விளைமீன் ஒரு கிலோ வாங்குவார். 20 இறாத்தல் மீன் டிக்கியில் கிடக்கும்.

வீட்டில் அண்ணையின் மனைவியான அக்காவிடமும் ஓர் ஆயுதம் இருக்கிறது. ஒன்ராறியோ அரசாங்கம் எந்த ஏரியில், எத்தனை சென்ரிமீற்றர் நீளமான எந்த மீனை, மாதத்துக்கு எத்தனை தரம் தின்னலாம் என்று ஒரு வழிகாட்டி வெளியிடுகிறது. பிள்ளைகளுக்கும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் தனிக் கணக்கு, இன்னும் இறுக்கமானது. அரசாங்கக் கடிதம் எதையும் பிரித்துப் பார்க்காத அக்கா இதை மட்டும் வரிக்கு வரி படித்திருக்கிறார். மீன் வாசற்படி ஏறினதும் அளவு நாடாவோடு வருவார். அண்ணைக்கு மீனின் நீளத்தைக் குறைத்துச் சொல்லவேண்டி வரும் ஒரே சந்தர்ப்பம் அதுதான். அதற்கு அவர் மனம் ஒருபோதும் சம்மதித்ததில்லை.

ஆகையால் மீன் ஊருக்குப் போகும். அதாவது, ஊராருக்கு. அண்ணையின் தொலைபேசி வந்தால் செப்டெம்பர் பிறந்துவிட்டதென்று அர்த்தம்.

“ஐசே, வீட்டிலை நிக்கிறீரோ? ஒரு சின்னச் சாமான் கொண்டு வாறன்.”

நல்லகாலமாய், சால்மன் ஓடும் காலமும் புரட்டாதி மாதமும் ஒன்றாக வருகின்றன. “அண்ணை, இண்டைக்குப் புரட்டாதிச் சனியெல்லோ!” என்று தப்புகிறவர்கள் பாதிப்பேர். நவராத்திரி தொடங்கினால் இன்னும் வசதி. கடவுள் நம்பிக்கையே இல்லாத ஒருவர் அந்த நாட்களில் மட்டும் விரதம் பிடிப்பதை நான் அறிவேன். வேதக்காரர்கள்தான் பாவம், சாட்டுச் சொல்ல அவர்களுக்கு அந்த மாதத்தில் ஒன்றுமில்லை. அண்ணையின் வீட்டிலேயே அக்கா சனி பகவானுக்கு எள்ளெண்ணெய் எரிக்கும் நேரத்தில்தான் மீன் வாசலுக்கு வரும். சனி எந்தப் பக்கத்தால் நுழைகிறது என்று அக்காவுக்குச் சந்தேகமே இல்லை.

வருடத்தில் ஒருநாள் அண்ணை தூண்டில் இல்லாமல் புறப்படுவார். ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏறக்குறைய 100 கிலோமீற்றரில் போர்ட் ஹோப். அங்கே கனரஸ்கா ஆற்றில், கோர்பெற் அணைக்கட்டின் மீனேணியில் சால்மன் துள்ளித் துள்ளி ஏறுவதைப் பார்க்கச் சனம் கூடும். அவ்விடத்தில் தூண்டில் போடச் சட்டம் விடாது. பிரசங்கம் செய்யத் தடையில்லை. குடும்பத்தைக் கம்பி வேலியோரம் நிறுத்திவிட்டு அண்ணை தொண்டையைச் செருமுவார்.

“பாருங்கோ! வாயில்லாத சீவன். பிறந்த இடத்தைத் தேடி வருது. கல்லிலை அடிபட்டு, செட்டை கிழிஞ்சு... எண்டாலும் வருது. நாங்களும் இருக்கிறம்! 83 கலவரத்துக்குப் பிறகு வந்தனாங்கள், திரும்பிப் போனமோ?”

அக்காவுக்கு இது வருடாந்தத் திருவிழா. கைப்பையில் கச்சான் இருக்கிறதா என்று பார்ப்பார். ஆனால் இம்முறை மருமகன் கூட வந்திருந்தான். இங்கே பிறந்த பெடியன். பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறான்.

“மாமா, இதின்ர ஊர் இது இல்லை. இது பசிபிக் மீன். 1960களின்ர கடைசியிலதான் கொண்டுவந்து ஏரியில விட்டவை. முந்தி இஞ்ச இருந்தது அற்லாண்டிக் சால்மன். ஆறுகள்ள மில்லுக்கு அணை கட்டி, காடு வெட்டி, அளவில்லாமப் பிடிச்சு, 1900க்கு முதலே அதை முடிச்சுப்போட்டினம்.”

“அப்ப இது?”

“இதின்ர பாட்டன் பூட்டன்தான் வந்து சேர்ந்தவை. இது இந்த ஆத்திலயே பிறந்தது. அதுதான் இஞ்சயே திரும்பி வருது. பசிபிக்குக்குப் போகாது மாமா. அதுக்கு அங்க ஒருத்தரையும் தெரியாது.”

அண்ணை வேலிக் கம்பியைப் பிடித்தபடி மீனைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். தண்ணீரிலிருந்து ஒன்று எழும்பி, சுவரில் மோதி, விழுந்து, மறுபடி எழும்பியது. “உதுவும் ஒரு கதைதான்” என்றார். திரும்பி வரும் வழி முழுக்கக் காருக்குள் பாட்டுத்தான் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை மார்க்கம் நகரில் ஒரு பிறந்தநாள் விழா. வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேர். அண்ணை பற்றிஸைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார்.

“உங்களுக்கு ஒரு விசயம் தெரியுமோ? இந்தச் சால்மன் இருக்கெல்லோ, அது எங்கட பெடியள் மாதிரி. தகப்பன் தாய் வேறை தேசம். பிறந்தது இஞ்சை. போ எண்டாலும் போகாது. நான் கனகாலமா யோசிச்சுக் கண்டுபிடிச்சது.”

மேசை மௌனமாகிவிட்டது. ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாழ்க்கையில் முதற்தடவையாக அண்ணையின் மீன்கதையை எல்லோரும் முழுதாய் நம்பினார்கள். அவர் அந்த வெற்றியை அனுபவிக்க முதல், எதிரே இருந்த பழைய கூட்டுறவுச் சங்கத் தோழர் கேட்டார்:

“அதெல்லாம் சரி ஐசே. இந்த வருசம் எத்தினை பிடிச்சனீர்?”

அண்ணை பற்றிஸைத் திரும்ப எடுத்தார்.

“கச்சான் காத்தெல்லே அடிச்சுக்கொண்டு நிக்குது” என்றார்.