பாட்டிகளின் ப்ளூஸ்

கேள்வி: அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் ப்ளூஸ் பாடிப் புகழ் பெற்றார்கள். நம் பேராக் தோட்டத்துப் பாட்டிகள் மட்டும் ஏன் பெறவில்லை? (வாசகி, ஈப்போ)

பதில்: பாட்டிகளிடம் சரக்குக்குக் குறைவில்லை. ஒருவர் அடியெடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போய் ப்ளூஸில் கலந்த வழக்கம். நம் கும்மியும் அப்படித்தானே! கங்காணியை ஏசவும் பாட்டு, இழவு வீட்டில் ஒப்பாரி. சுங்கை சிப்புட் லயங்களில் எதற்குத்தான் பாட்டில்லை?

வித்தியாசம் இசைத்தட்டு. 1920-இல் கறுப்பினப் பாடகி மேமி ஸ்மித்தின் 'கிரேஸி ப்ளூஸ்' விற்ற வேகத்தைப் பார்த்து இசைத்தட்டுக் கம்பெனிகள் விழித்துக்கொண்டன. 1923-இல் மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித் என்ற பாடகிகளும் தட்டில் ஏறினார்கள். நம் தோட்டத்துத் துரைமார் ரப்பர் பாலை மட்டுமே அளந்தார்கள்.

வீட்டில் பாட்டி இருந்தால், டிக்டாக்கை நிறுத்திவிட்டு அவர் குரலைப் பதிவு செய்யுங்கள், அம்மா.