கால் போச்சு, வாய் மிஞ்சியது

இங்கிலாந்துக் கால்பந்து லீக் ஆட்டங்கள் 274, கோல்கள் 251. இப்படி அடித்துத் தள்ளுகிறவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியிருக்க வேண்டும். அவருடைய சொந்த அணியான மிடில்ஸ்பரோவின் ஆட்டக்காரர்களோ 1959-ல், பிரையன் கிளஃப் எங்களுக்குக் கேப்டனாக வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். காரணம் வாய். மறு வருடம் சார்ல்டனுடன் ஆட்டம் 6-6. மூன்று கோல் கிளஃப் கணக்கு. முன்னால் நான் போடப் போட, பின்னால் நம்மாட்களே காசு வாங்கிக்கொண்டு கோல் விடுகிறார்களோ என்று அவருக்குச் சந்தேகம். அதை மனசுக்குள் வைத்துக்கொள்ளும் ஜாதியில்லை அவர்.

பிறகு சண்டர்லாண்ட் அணி. 1962 டிசம்பர் 26, உறைந்த மைதானம், பரி அணியின் கோல்கீப்பர் மீது மோதியதில் முழங்கால் தசைநார் அறுந்தது. அந்தக் காலத்தில் அதற்கு வைத்தியமே ‘வேறு வேலை பார்’ என்பதுதான். வேறு வேலை என்றால்? பேசுவதற்குச் சம்பளம் தரும் ஒரே உத்தியோகம், மேனேஜர்.

30 வயதில் ஹார்ட்டில்பூல்ஸ். லீக்கின் அடிமட்டம், கையில் காசில்லை. பஸ் ஓட்ட லைசென்ஸ் எடுத்தார், அணியை அவரே ஏற்றிப் போகலாமாம். பின் டெர்பி. இரண்டாம் டிவிஷனில் கிடந்ததை 1972-ல் சாம்பியனாக்கிவிட்டு, டைரக்டர்களோடு முட்டிக்கொண்டு வெளியேறினார்.

1974-ல் லீட்ஸ். அழுகுணி ஆட்டக்காரர்கள் என்று டிவியில் வருடக்கணக்கில் வைத அதே லீட்ஸ்! போனதும் ஆட்டக்காரர்களைக் கூட்டி, வாங்கிய பதக்கங்களையெல்லாம் குப்பைத் தொட்டியில் போடுங்கள், எல்லாம் ஏமாற்றி வாங்கியது என்றார். புகுந்த வீட்டில் முதல் வார்த்தை இது. 44 நாளில் கொழுத்த நஷ்டஈட்டோடு அனுப்பிவைத்தார்கள்.

நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டில்தான் ஜாதகம் திரும்பியது. கூட்டாளி பீட்டர் டெய்லர் ஆள் பிடிப்பார், இவர் பிடித்த ஆளைத் திட்டுவார். 1978-ல் லீக் பட்டம், 1979, 1980 ஐரோப்பியக் கோப்பைகள். 1979 லீக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு முந்தைய இரவு அணியை உட்காரவைத்து ஷாம்பெயின் ஊற்றினார்கள். ஆட்டக்காரர் ஆர்ச்சி கெம்மில் தூங்கப் போகிறேன் என்றார், விடவில்லை. மறுநாள் 3-2 வெற்றி. இன்றைய உணவியல் நிபுணர்கள் இந்தப் பத்தியைத் தவிர்ப்பது நல்லது.

1989-ல் ஆட்டம் முடிந்து மைதானத்துக்குள் ஓடிவந்த சொந்த ரசிகர்களைப் பிடித்து அறைந்தார். அபராதம் 5,000 பவுண்டு. அடி வாங்கியவர்கள்தான் பிறகு வந்து மன்னிப்புக் கேட்டார்கள். இவர் கன்னத்தைக் காட்டி முத்தம் கேட்டார். கொடுத்துவிட்டுப் போனார்கள்.