பழைய படம், அதே இடம்: வில்பட்டிப் பக்கம் கேமராவோடு கிளம்புவோருக்குச் சில யோசனைகள்

பனிப்பாறை உள்ள ஊர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். பாட்டன் காலத்துப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்தக் கேமரா நின்ற அதே பாறையைத் தேடிப் பிடித்து ஏறி, ஒரு படம் எடுத்தால் போதும். முந்தியதில் வெள்ளை, பிந்தியதில் கருங்கல். விளக்கம் வேண்டியதில்லை. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள கிளேசியர் தேசியப் பூங்காவில் இந்த வேலை 1997-இலிருந்து நடக்கிறது. எவரெஸ்டின் வடபுறத்து ரோங்புக் பனியாற்றை 1921-இல் மலையேறி மல்லோரி எடுத்த இடத்துக்கே 2007-இல் டேவிட் பிரெஷியர்ஸ் ஏறிப்போய் மறுபடி எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் குழந்தைக்கும் புரியும்.

பழனி மலையில் பனிப்பாறை கிடையாது. ஜனவரி விடியலில் கொடைக்கானல் ஏரிக்கரைப் புல்லில் உறைபனி படியும், வெயில் ஏறியதும் போய்விடும். அது தினப்படி விவகாரம், ஆவணப்படுத்த ஒன்றுமில்லை. இங்கே உருகிப் போனது புல். அதைப் படம் பிடித்துக் காட்டுவது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. படித்துவிட்டு யாரும் கிளம்பாமல் இருந்தாலும் எனக்கு வருத்தமில்லை.

முதலில் பழைய படம் வேண்டும். 1845-இல் சமவெளிக் காய்ச்சலுக்குப் பயந்து மேலே ஏறிய அமெரிக்க மிஷனரிகளும், பின்னால் வந்த வெள்ளைக்காரத் துரைமார்களும் படம் எடுத்துக் குவித்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னணி பார்க்கத் தெரியும், குறிப்பு எழுதத் தெரியாது. படத்தின் பின்புறம் 'பழனி மலை' என்று மட்டும் இருக்கும். 'நம்ம மாமா, குதிரையோடு' என்றிருந்தால் அது அதிர்ஷ்டம். மாமாவையும் குதிரையையும் விட்டுவிடுங்கள். அவர்களுக்குப் பின்னால் பாருங்கள்: அலை அலையாக மொட்டை மேடுகள், மேடுகளுக்கு நடுவே நீர் ஓடும் மடிப்புகளில் மட்டும் கறுப்பாகச் சோலைக்காடு. அந்த மொட்டைதான் நீங்கள் தேடி வந்த பொருள்.

அடுத்து, இடத்தைக் கண்டுபிடிப்பது. செயற்கைக்கோள் வரைபடத்தை வைத்துக்கொண்டு அறையில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கொடைக்கானலுக்குப் பக்கத்து வில்பட்டியில் ஏதாவது ஒரு டீக்கடைக்குப் போங்கள். படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போங்கள், போனில் காட்டினால் பெரியவர்கள் விரலால் தொட்டு வேறு எங்கேயாவது கொண்டுபோய் விடுவார்கள்.

"ஐயா, இது எந்த இடம்னு தெரியுதா?"

கண்ணாடியைத் தேடி எடுத்து, படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒரு கிளாஸ் டீ காலியாகும்வரை பார்ப்பார். "இதுவா? இது நம்ம மாடு மேச்ச எடம்ல. அந்தா, ஓடை இறங்குது பாரு. இப்ப அங்கிட்டுப் போயி என்னத்தப் பாக்கப் போற தம்பி, ஒரே காடால்ல கெடக்கு." பக்கத்தில் இருப்பவர் உடனே மறுப்பார். அது இந்தப் பக்கத்து ஓடை இல்லை, பூம்பாறைக்குப் போகிற வழி என்பார். இருவரும் உறவினர்களாகவும் இருப்பார்கள், பழைய வரப்புத் தகராறு ஒன்றும் இருக்கும். நீங்கள் குறுக்கிடாதீர்கள். ஓடை, பாறை, மேடு ஆகிய விஷயங்களில் பெரியவர்கள் சொல்வதை அப்படியே நம்பலாம். வருடத்தில் மட்டும் நம்பக் கூடாது. 'எங்கப்பா காலம்' என்பது முப்பது வருடமாகவும் இருக்கும், தொண்ணூறாகவும் இருக்கும்.

இடம் தெரிந்தபின் நுட்பமான வேலை. படத்தில் கிட்டத்தில் ஒரு பாறை முனை, எட்டத்தில் ஒரு மலை முகடு, இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய படத்தில் பாறை முனைக்கு நேர் மேலே முகட்டின் பள்ளம் இருக்கிறது என்று வையுங்கள். நேரில் நிற்கும்போது பாறை அந்தப் பள்ளத்துக்கு இடப்பக்கம் விலகித் தெரிந்தால், நீங்களும் இடப்பக்கம் நகர வேண்டும். பாறை ரொம்பக் கீழே தெரிந்தால் நீங்கள் உயரத்தில் நிற்கிறீர்கள், இறங்குங்கள். இப்படி அங்குலம் அங்குலமாக நகர்ந்தால், பழைய கேமராக்காரர் முக்காலியை ஊன்றிய இடத்துக்கே வந்து சேரலாம். உலகம் முழுக்க இதுதான் முறை. ஆல்ப்ஸில் இதற்கு நடுவே ஒன்றும் குறுக்கே வராது.

இங்கே வரும். முகடு தெரியாது, பாறையும் தெரியாது. பாறை மேலேயே கை வைத்துக்கொண்டு நின்றாலும், கண்ணுக்கு நேரே ஒரு வாட்டில் மரம். அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் ஒரு யூகலிப்டஸ், பட்டை நீளநீளமாக உரிந்து தொங்கும். லென்ஸை எந்தப் பக்கம் திருப்பினாலும் மரம்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான தன்னார்வலர்கள் தடம் மாறுகிறார்கள். நாற்பதடி தள்ளிப்போய், ரோட்டு வளைவில் மரம் இல்லாத சந்தில் நின்று எடுத்துவிட்டு 'அதே இடம்' என்று போட்டுவிடுவார்கள். அல்லது ரிசார்ட் பையனிடம் டிரோன் கேட்பார்கள். வேண்டாம். முகத்தில் இடிக்கிற அந்த மரத்தையே எடுங்கள். பட்டை, எறும்பு, எல்லாம் வரட்டும். பழைய படத்தில் நான்கு மடிப்பு மலை, புதிய படத்தில் ஒரு மரத்தண்டு. இதைவிட நேர்மையான ஜோடி வேறெங்கும் கிடைக்காது. படம் கெட்டுப்போனது என்று நண்பர்கள் சொல்வார்கள், சொல்லட்டும்.

பருவம் முக்கியம். பிப்ரவரியில் காய்ந்து பழுப்பாக நிற்கும் புல், மழைக்குப் பின் அக்டோபரில் வேறு மலை மாதிரி இருக்கும். பழைய படத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து மணியைக் கணக்கிடுங்கள். கணக்கு சரியாக வரும் நாளில் மஞ்சு ஏறிவிடும். காட்டுமாடு வந்து நின்றால் அதற்கே முன்னுரிமை. புல்மேட்டில் மேய வேண்டியது இப்போது கேரட் தோட்டத்தில் மேய்கிறது, அதற்கும் கோபம் இருக்கும்.

மரத்தைத் தாண்டிப் பார்க்க முடியவில்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு மேலிருந்து எடுத்த படம் உண்டு. 1973-லும் 2014-லும் செயற்கைக்கோள் எடுத்த பழனி மலைப் படங்களை ஒப்பிட்டு அரசுமணி, ராபின் முதலானோர் 2018-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அந்த நாற்பது ஆண்டில் புல்வெளியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. 18 சதுர கிலோமீட்டராக இருந்த மரத் தோட்டம் 217 ஆயிற்று. விவசாயமும் விரிந்தது. அந்த ஆய்வில் பங்கெடுத்தவர்களில் இரண்டு பெயர்கள் நமக்கு வேண்டியவை: இந்த மலைகளைப் பல காலமாகக் கறுப்பு வெள்ளையில் எடுத்துவரும் இயன் லாக்வுட், வட்டக்கானலில் நாற்றங்கால் போட்டுச் சோலை மரங்களை வளர்த்த ராபர்ட் ஸ்டூவர்ட். படம் எடுக்கிறவரும் செடி வளர்க்கிறவரும் சேர்ந்து நிற்கும் ஆய்வுக் கட்டுரை நான் அதிகம் பார்த்ததில்லை.

இனி மிகக் கடினமான கட்டம்: படத்தை நாலு பேருக்குக் காட்டுவது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினீர்களானால், பார்க்கிறவர் முகம் மலரும். "அடடா! எப்படி இருந்த எடம், எவ்வளவு பசுமையா மாத்திட்டாங்க!" என்பார். யார் நட்டது என்று கேட்பார், அவருக்கு விருது கொடுக்க வேண்டும் என்பார். பனிப்பாறைக்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. வெறும் கல்லைப் பார்த்து யாரும் வாழ்த்துவதில்லை. நமக்கு, பறிபோனதைக் காட்டும் படமே அழகாக இருக்கிறது.

அவரிடம் சண்டை போடாதீர்கள். தோல் பதனிட வாட்டில் பட்டை வேண்டும், ரேயானுக்கு மரக்கூழ் வேண்டும் என்று சர்க்கார் நட்டது என்று மட்டும் சொல்லுங்கள். மொட்டையாகத் தெரிந்த அந்த மேடு மழையை வாங்கி மண்ணில் தேக்கி ஓடையில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தது என்று அடுத்துச் சொல்லுங்கள். அவர் கொட்டாவி விட்டால் நிறுத்திக்கொண்டு, உங்கள் ஊர்க் கிணற்றில் தண்ணீர் எப்படி என்று கேளுங்கள். மருதாநதி, மஞ்சளாறு, குதிரையாறு பக்கத்துக்காரராக இருந்தால் பேச்சு தானாகவே மலைக்குத் திரும்பிவிடும்.

"அப்ப எல்லாத்தையும் வெட்டிர வேண்டியதுதானே?" என்று ஒருவர் கேட்பார், எந்தக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். வட்டக்கானலில் ஸ்டூவர்ட்டும் அவர் துணைவி டானியா பால்கரும் இதற்குச் சொல்லிவந்த பதில் சங்கடமானது. பல இடங்களில் வாட்டில் நிழலிலேயே சோலைக் கன்றுகள் முளைத்து வருகின்றன, கண்மூடி வெட்டினால் அவையும் போகும். வாட்டில் விதையோ மண்ணில் பல பத்தாண்டு காத்துக் கிடந்து, வெட்டிய இடத்தில் அடர்த்தியாக மறுபடி கிளம்பும். ஆகவே உங்கள் மரத்தண்டுப் படத்தை எடுத்து முடித்ததும் குனிந்து தரையையும் ஒரு படம் எடுங்கள். அடுத்த தன்னார்வலருக்கு அதுதான் 'பழைய படம்'.

வில்பட்டிச் சரிவில் மட்டும் மரத்தைக் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. அங்கே குறுக்கே நிற்பது பல இடங்களில் நீலத் தகரக் கூரை. படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்களுக்கு நடுவே காட்டேஜ் முளைத்திருக்கும். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு அதன் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக நிற்கும். மலை தெரிகிறது என்று விளம்பரப் பலகை வைத்தவருக்கு முன்னால் இன்னொருவர் மாடி கட்டியிருப்பார். அந்த மாடியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது அழைத்தால், நன்றி சொல்லி டீயை மட்டும் குடித்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். நின்ற இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, கேமரா உயரம், லென்ஸ், தேதி, மணி எல்லாவற்றையும் படத்தோடு எழுதி வையுங்கள். பாறையில் பெயிண்டால் குறி போடாதீர்கள். வனத்துறை கேட்கும், அதற்கு முன்பே அந்தக் குறிக்குப் பக்கத்தில் இரண்டு காதலர் பெயர்கள் ஏறியிருக்கும். அடுத்த சுற்று 2030-இல் வைத்துக்கொள்ளலாம், குறிஞ்சி பூக்கிற வருடம். பூவைப் பார்க்க மொத்தத் தமிழ்நாடும் வத்தலக்குண்டு சாலையில் நிற்கும், ஆகையால் செவ்வாய் அல்லது புதன்கிழமையாகப் பார்த்து முன்கூட்டியே இ-பாஸ் எடுத்துவிடுங்கள்.