சாசுவதத்துக்கு ஆள் சேர்த்தல்

நில அறக்கட்டளை என்பது, ஓர் ஊரின் காட்டையோ புல்வெளியையோ சதுப்பு நிலத்தையோ விலைக்கு வாங்கியோ கொடையாகப் பெற்றோ, அதில் வீட்டுமனைகள் முளைக்காதவாறு என்றென்றைக்கும் காத்துவருவதாக உறுதி பூண்ட, இலாப நோக்கற்ற தனியார் அமைப்பாகும். அமெரிக்காவில் இத்தகைய அமைப்புகள் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு மாநிலங்களில் அவை மிகுதி. காலவரம்பற்ற பாதுகாப்பைப் பத்திரங்கள் ஐயத்துக்கு இடமின்றி எழுதிவைத்துள்ளன. அந்தக் காலவரம்பின்மைக்குள் அடங்கும் எண்ணற்ற சனிக்கிழமைக் காலைகளில் குனிந்து களை பிடுங்கப்போகிறவர் யார் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டன. பல அறக்கட்டளைகளில் சம்பளம் பெறும் ஊழியர் ஒருவர்கூட இல்லாததால், சாசுவதம் என்பது ஊர்மக்களின், அவர்களுள்ளும் குறிப்பாக ஓய்வுபெற்றவர்களின், முழங்கால்களை நம்பி நிற்கிறது.

இம்முறையின் தோற்றம் 1891-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாஸ்டன் நகரைச் சுற்றியிருந்த இயற்கை நிலங்கள் மனைகளாகிவருவதைக் கண்டு கவலையுற்ற சார்லஸ் எலியட் என்னும் நிலத்தோற்ற வடிவமைப்பாளர், நூலகம் நூல்களையும் அருங்காட்சியகம் ஓவியங்களையும் பேணுவதைப் போல எழில்மிக்க நிலங்களையும் ஓர் அமைப்பு மக்களுக்காகப் பேண வேண்டும் என்று வாதிட்டதன் பயனாக, மாசசூசெட்ஸ் சட்டமன்றம் அறங்காவலர் குழு ஒன்றை நிறுவியது. 1895-இல் இங்கிலாந்தில் தோன்றிய நேஷனல் டிரஸ்ட்டுக்கும் அது முன்மாதிரியாயிற்று. உவமை அழகியதுதான், ஆயினும் அலமாரியில் அடுக்கிய நூல் அடுக்கியபடியே இருக்கும் என்பதும், ஓவியத்தின் நடுவிலிருந்து முட்புதர் கிளம்புவதில்லை என்பதும் அவ்வுவமையில் போதிய கவனம் பெறவில்லை.

ஊர்மக்களைக் காட்டுக்குள் வரவழைக்க அறக்கட்டளைகள் கையாளும் முதல் உத்தி, வழிகாட்டியுடன் செல்லும் பொது நடையாகும். சரளைக்கல் பரப்பிய வாகன நிறுத்துமிடத்தில் காலையில் கூடி, எவர் விழுந்தாலும் அறக்கட்டளை பொறுப்பன்று என்னும் படிவத்தில் கையெழுத்திட்ட பின்னரே இயற்கையை அணுக இயலும். அறிவிப்பில் பாதையின் கடுமை ‘எளிது முதல் நடுத்தரம் வரை’ என்று குறிக்கப்பட்டிருக்கும். எளிது என்பது அறிவிப்பை எழுதியவரின் மதிப்பீடு, நடுத்தரம் என்பது அதை நம்பி வந்தவர் பாறைச்சரிவின் பாதியில் அடையும் தெளிவு. வேகத்தைக் குறித்து எவரும் அஞ்ச வேண்டியதில்லை. பாசி அறிந்த ஒருவரும் பறவை அறிந்த ஒருவரும் ஒரே குழுவில் அமைந்துவிட்டால், ஒருவர் தரையையும் மற்றவர் மர உச்சியையும் நோக்கி நின்றுவிடுவதால், நடை என்பது பெரும்பாலும் நிற்பதாகவே முடிகிறது. காட்டின் ஊடே ஓடும் பழைய கற்சுவர்களைக் காட்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்விடம் மரமே இல்லாத ஆட்டு மேய்ச்சல் நிலமாக இருந்தது என்று வழிகாட்டி விளக்கும்போது, தொல்காட்டின் காற்று என்று நம்பி மூச்சை ஆழ இழுத்துக்கொண்டிருந்தவர்கள் அதைச் சற்று ஏமாற்றத்துடன் வெளியே விடுவர்.

நடைக்குரிய உடையைத் தீர்மானிப்பது மான் உண்ணி. கனெக்டிகட் மாநிலத்து லைம் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் லைம் நோயைப் பரப்பும் இவ்வுண்ணி, இளம் பருவத்தில் கசகசா விதையளவே இருப்பதால், அது ஏறுவதைக் காண்பதற்கு வெளிர்நிறக் கால்சட்டையும், அது உள்ளே புகாதிருப்பதற்கு அக்கால்சட்டையின் விளிம்பைக் காலுறைக்குள் செருகுதலும் விதிக்கப்பட்டுள்ளன. பேராசிரியரும் குழாய் பழுதுபார்ப்பவரும் ஒரே அளவு கேலிக்குரியவராகத் தோன்றும் இக்கோலம், சமத்துவம் பற்றிய பல நூல்கள் சாதிக்காததைச் சாதித்திருக்கிறது.

நடைக்கு வந்தவர், தம்மையறியாமல், அடுத்த படிநிலையாகிய களைநீக்கும் நாளுக்குச் சேர்க்கப்பட்டுவிடுகிறார். இங்குக் களை எனப்படுவது, வேறு கண்டங்களிலிருந்து வந்து உள்ளூர்த் தாவரங்களை நெருக்கி வெளியேற்றும் அயல் இனங்களைக் குறிக்கும். அவற்றுள் சில வலிய அழைத்துவரப்பட்டவை என்பதுதான் வேடிக்கை: மல்டிஃப்ளோரா ரோஜா என்னும் முட்செடியை, உயிர்வேலியாகவும் மண்ணரிப்பைத் தடுக்கும் அரணாகவும் 1930-களில் உழவர்களுக்குப் பரிந்துரைத்தது அமெரிக்க அரசின் மண்வளப் பாதுகாப்புத் துறையே, அன்றைய அரசுப் பரிந்துரையை இன்றைய குடிமக்கள் தடித்த தோல் கையுறையணிந்து, சம்பளமின்றி, வேரோடு திரும்பப் பெற்றுவருகின்றனர்.

ஆயினும் தன்னார்வலர்களின் முதன்மைப் பகை, கசக்கினால் பூண்டு மணக்கும் பூண்டுக்கடுகுச் செடிதான். ஐரோப்பியர் சமையலுக்கும் மருந்துக்கும் கொண்டுவந்ததாகக் கருதப்படும் இச்செடி, 1868-இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் முதன்முதலாகப் பதிவுசெய்யப்பட்டது. முதலாண்டில் தரையொட்டிய இலைக்கொத்தாக அடங்கியிருந்து, இரண்டாமாண்டில் பூத்து விதை சிதறும் இதை, விதை முற்றும் முன்னரே பிடுங்க வேண்டும். பிடுங்கிய பின்னும் கிடந்தபடியே விதையை முற்றவைக்கும் ஆற்றல் அதற்கு உண்டாதலால், பையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்தவும் வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் விதைகள் பல ஆண்டுகள் முளைக்கும் திறனுடன் காத்திருக்கும் என்பதால், இவ்வாண்டு பிடுங்கியவருக்கு வரும் ஆண்டுகளிலும் வேலை உறுதி. இவ்வாறு ஒரு தலைமுறை குனிந்து பழகிய பின்னர், கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ன்ட் பிளாசியும் அவருடன் ஆய்ந்தவர்களும், பூண்டுக்கடுகு ஓரிடத்தில் ஆண்டுகள் செல்லச் செல்லத் தானாகவே நலிந்து குறைகிறது என்றும், ஆகவே அதைப் பிடுங்காமல் விடுவதே மேல் என்றும் அறிவித்தனர். சும்மா இருப்பதே சுகம் என்னும் இம்முடிவு, சும்மா இருக்க முடியாமலேயே தன்னார்வலரானவர்களிடம் எளிதில் செல்லுபடியாவதில்லை. வசந்தம் வந்ததும் பைகள் விரிக்கப்படுகின்றன, பிடுங்கிய இலையைத் துவையலாக அரைக்கும் செய்முறைகளும் கைமாறுகின்றன.

சற்று மேலான பதவி எல்லை கண்காணிப்பவருடையது. பாதுகாப்பு வசதியுரிமை என்பது, நிலத்தை உரிமையாளரிடமே விட்டுவைத்து, அதில் கட்டடம் எழுப்புவதைத் தடுக்கும் உரிமையை மட்டும் அறக்கட்டளைக்கு நிரந்தரமாக ஒப்படைக்கும் பத்திரமாகும். தகுதியுள்ள கொடைகளுக்கு வருமான வரிச் சலுகை கிடைப்பதால், மனச்சான்றும் கணக்கரும் அரிதாக உடன்படும் இடமாகவும் இதைக் கருதலாம். இத்தகைய நிலத்தை ஆண்டுக்கு ஒருமுறையேனும் சென்று பார்க்க வேண்டும் என்பது துறை நெறி. ஆகவே, பழைய ஒளிப்படங்களும் வரைபடமும் ஏந்திய தன்னார்வலர் ஒருவர் பிறர் நிலத்தில் முறைப்படி நுழைந்து, அங்குள்ள கொட்டகை சென்ற ஆண்டைவிட வளர்ந்திருக்கிறதா என்று பார்வையிடுகிறார். வரிச்சலுகை பெற்ற தாத்தா அவரைத் தேநீர் கொடுத்து வரவேற்றிருப்பார்; தாத்தாவின் பேரனிடம் அதே உபசாரத்தை எதிர்பார்ப்பது முறையன்று.

எல்லாப் பணிகளிலும் ஆள் பற்றாக்குறையே இல்லாதது, வசதி மிகக் குறைந்த பணிதான். வசந்தத் தொடக்கத்தின் முதல் வெம்மழை இரவுகளில், மஞ்சள் புள்ளிகள் கொண்ட சாலமாண்டர்கள் காட்டிலிருந்து இறங்கி, கோடையில் வற்றிவிடும் குட்டைகளை நோக்கி முட்டையிடச் செல்கின்றன. இடையே சாலை குறுக்கிடுவதால் பல நசுங்கி மடிகின்றன. மாசசூசெட்ஸின் ஆம்ஹெர்ஸ்ட் நகரில் 1987-இல் இவற்றுக்கென்றே சாலைக்கடியில் சுரங்கவழிகள் அமைக்கப்பட்டன. மழையும் வெளிச்சமும் உட்புகும்படி அவற்றின் கூரையில் பிளவுகளும் விடப்பட்டன. சுரங்கவழி இல்லாத ஊர்களில், இரவு பத்து மணி மழையில், ஒளிரும் மேலங்கியும் கைவிளக்குமாகக் குடும்பங்கள் திரண்டு, ஈரக்கையால் ஒவ்வொன்றாகத் தூக்கி மறுபுறம் விடுகின்றன. அது எத்திசை நோக்கி நின்றதோ அத்திசையிலேயே கொண்டுசேர்க்க வேண்டும் என்பது விதி. இரக்க மிகுதியால் புறப்பட்ட பக்கத்திலேயே திரும்ப விட்டால், அது அவசரம் ஏதுமின்றிச் சாலையை முதலிலிருந்து கடக்கத் தொடங்குகிறது, தூக்கியவரும் கைவிளக்குடன் முதலிலிருந்து போக்குவரத்தை நிறுத்த வேண்டியதாகிறது.