கான்வென்ட் சீட்டும் பிள்ளையார் தேங்காயும்

மாதா பெயரில் உள்ள பள்ளியில் சீட் கிடைக்கப் பிள்ளையாருக்கு 108 தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொள்வது நம் ஊரில் யாருக்கும் உறுத்துவதில்லை. பிள்ளையாரும் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

எல்கேஜி நேர்முகத்தில் குழந்தையிடம் கேட்பது ஆப்பிள் என்ன நிறம் என்பது மட்டும்தான். மீதியெல்லாம் அப்பாவுக்கு: என்ன படிப்பு, எவ்வளவு சம்பளம், வீட்டில் இங்கிலீஷ் பேசுவீர்களா. சேர்க்கையில் குழந்தையையோ பெற்றோரையோ இப்படி வடிகட்டக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்றது 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆகவே அப்பா சம்பளத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னதும் கட்டட நிதி என்று ஒரு தொகை வரும். ரசீது கேட்டால் சிஸ்டர் அன்பாகச் சிரிப்பார்.

சேர்ந்த பிறகு வீட்டு நடப்பே மாறும். பூ கூடாது, மருதாணி கூடாது. பாட்டி இட்ட விபூதியை வேன் ஏறுமுன் பேத்தியே துடைத்துவிடுவாள். ராத்திரி இட்லிக்கு முன்னால் கண்மூடி, கைகூப்பி, இங்கிலீஷில் ஜெபம். அதற்குள் சாம்பார் ஆறிவிடும். பாட்டிக்கு முதலில் வருத்தம்தான். அப்புறம், "இந்த வீட்ல சோத்தைக் கும்பிட்டுச் சாப்பிடுறது இவ ஒருத்திதான்" என்று மருமகளைப் பார்த்துச் சொல்ல அது வசதியாகப் போயிற்று.

"புள்ளைங்க மனசையே மாத்திருவாங்க, உஷார்" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் எழுதிய பெரியப்பா, மறுநாள் தனியாக போன் போட்டார். பேரனுக்கு அதே பள்ளியில் சீட் வேண்டுமாம். பங்குத்தந்தையைத் தெரிந்தவர்கள் யாராவது உண்டா?